மூன்று குரல், ஒரே வடிகட்டி: வோல்கா கீஸ் என்னும் தொடக்கக் கருவி

இசைக்கருவிக் கடைகளில் கீபோர்டு என்ற பெயரில் விற்கப்படும் கருவியும் சிந்தசைசரும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், முன்னது வயலின், புல்லாங்குழல், தபேலா என நூற்றுக்கணக்கான ஆயத்த ஒலிகளை நினைவகத்தில் வைத்துக்கொண்டு கேட்டதை எடுத்துத் தருகிறது. பின்னதன் அடிப்படைப் பணியோ மின் அலைவுகளிலிருந்து புதிய ஒலியைச் செய்வதற்கான உறுப்புகளை வாசிப்பவரின் கையில் ஒப்படைப்பதாகும். இந்த வேறுபாட்டை அறியாமல் மலிவான சிந்தசைசரை வாங்கிவிட்டு, அதில் திரைப்பாடல் வாசிக்க வரவில்லை என்று ஒதுக்கிவைப்பவர்கள் உண்டு.

ராபர்ட் மூக்கின் நிறுவனம் 1970இல் வெளியிட்ட மினிமூக் என்னும் சிந்தசைசர், ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரத்தை மட்டும் ஒலிக்கக்கூடியதாக இருந்தும், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,500 டாலருக்கு விற்றது என்பதால், அது தொழில்முறைக் கலைஞர்களுக்கே உரிய பொருளாக இருந்தது. ஜப்பானின் கோர்க் நிறுவனம் 2013இல் வோல்கா என்னும் வரிசையில் கீஸ், பேஸ், பீட்ஸ் ஆகிய மூன்று சிறு கருவிகளைத் தலா 150 டாலர் அளவில் கொண்டுவந்தபோது, அனலாக் மின்சுற்றால் இயங்கும் சிந்தசைசர் மாணவரும் எட்டக்கூடிய விலைக்கு இறங்கியது. தட்சுயா தகஹாஷி என்ற பொறியாளரின் தலைமையில் உருவான இவற்றுள், தொடக்கநிலையாளர் ஒலியின் உறுப்புகளைப் பிரித்தறிய ஏற்றது வோல்கா கீஸ். ஆறு ஏஏ பேட்டரிகளில் சுமார் பத்து மணி நேரம் இயங்கும் இக்கருவி, 27 தொடுகட்டைகளையும் ஒரு சிறு ஒலிபெருக்கியையும் கொண்டது.

ஒலியின் பிறப்பிடம் ஆசிலேட்டர் எனப்படும் அலைவி. வோல்கா கீஸில் மூன்று அலைவிகள் இருப்பதால் ஒரே நேரத்தில் மூன்று ஸ்வரங்களை ஒலிக்கச் செய்யலாம். மூன்றையும் ஒரே ஸ்வரத்தில் குவித்து, டீட்யூன் குமிழால் அவற்றின் சுருதியைச் சற்றே விலக்கினால், ஒலி தடித்துப் பரந்து கேட்கும். ஃபிஃப்த் என்ற நிலையில் ஒரு கட்டையை அழுத்தினாலே அதன் பஞ்சமமும் சேர்ந்து ஒலிக்கிறது என்பதால், ச-ப ஆதார சுருதியில் பழகிய காதுக்கு இதுவே நல்ல நுழைவாயில். அலைவிகள் பெரும்பாலும் தருவது ரம்ப அலை. ஆதார அதிர்வெண்ணின் எல்லா மடங்குகளையும், அதாவது எல்லா மேற்சுரங்களையும் அது தன்னுள் கொண்டிருப்பதால், முதலில் கேட்கும்போது கூர்மையாகவும் இரைச்சலாகவும் தோன்றும்.

அந்த மிகுதியிலிருந்து வேண்டாததைக் கழிப்பது ஃபில்டர் எனப்படும் வடிகட்டியின் வேலை. தொடக்கநிலையாளர் தம் முதல் சில நாள்களை இதற்கே செலவிடுவது நல்லது. கட்டாஃப் என்ற குமிழை இடப்புறம் திருப்பத் திருப்ப உயர் மேற்சுரங்கள் ஒவ்வொன்றாக அடங்கி, ரம்ப அலை மெல்ல மங்கி, இறுதியில் போர்வைக்குள்ளிருந்து வரும் குரலைப் போலாகிறது. பீக் என்ற குமிழை உயர்த்தினாலோ, வெட்டு நிகழும் அந்த எல்லைக்கு அருகிலுள்ள அதிர்வெண்கள் மட்டும் தூக்கலாகி, ஒலிக்கு ஒரு மூக்கொலித் தன்மை கூடுகிறது. 1970களில் வந்த மினிகோர்க் 700எஸ் கருவியின் வடிகட்டிச் சுற்றையே கோர்க் இதில் மீண்டும் பயன்படுத்தியிருக்கிறது என்பதால், இந்த விலைக்கு எதிர்பார்க்க முடியாத ஒரு குணம் அதற்கு உண்டு. ஆயினும் மூன்று குரல்களுக்கும் வடிகட்டி ஒன்றுதான்; ஒரு ஸ்வரம் நீடித்து ஒலிக்கும்போது மற்றொன்றைத் தொட்டால், வடிகட்டியின் அசைவு பழைய ஸ்வரத்தையும் சேர்த்தே பாதிக்கும். கருவி பழுது என்று புதியவர் நினைக்கக்கூடிய இந்நிகழ்வு செலவைக் குறைக்கச் செய்த வடிவமைப்பின் விளைவே.

ஒலி எவ்வாறு தோன்றி, நிலைத்து, மறைகிறது என்பதைத் தீர்மானிக்கும் உறுப்பு என்வலப். வீணையின் தந்தியை மீட்டியவுடன் ஒலி சட்டென எழுந்து தேய்கிறது. நாகஸ்வரத்தில் மூச்சு உள்ளவரை நிலைக்கிறது. இக்கருவியில் எழும் வேகத்தை அட்டாக் குமிழும், நிலைக்கும் அளவைச் சஸ்டெயின் குமிழும் ஆள்கின்றன. தேய்வதற்கும், கட்டையை விட்டபின் அடங்குவதற்கும் தனித்தனிக் குமிழ்கள் இல்லாமல் இரண்டும் ஒன்றாக்கப்பட்டிருப்பது உண்மையான குறையே. இதே என்வலப்பை வடிகட்டியின் பக்கமும் திருப்பிவிட்டால், ஒவ்வொரு ஸ்வரமும் பிரகாசமாகத் தொடங்கி மங்கும். மின்னிசையில் அடிக்கடி கேட்கும் ஒலிகள் பலவற்றின் பின்னணி இவ்வளவுதான்.

எல்எஃப்ஓ எனப்படுவது காதுக்கு ஸ்வரமாகக் கேட்காத அளவுக்கு மெதுவாக ஆடி, சுருதியையோ வடிகட்டியையோ அசைக்கும் மற்றோர் அலைவி. அது தரும் நடுக்கம் சீரான வேகத்தில் இயந்திரத்தனமாக ஆடுவதால், அதைக் கொண்டு கம்பிதம் என்னும் கமகத்தை உருவாக்கிவிடலாம் என்று எண்ணுவது வீண். போர்ட்டமெண்டோ குமிழ் ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லவைப்பதால் ஜாரு என்னும் கமகத்தின் சாயல் மட்டும் ஓரளவு கிட்டும். கர்நாடக இசை வாசிக்கவென்று இதை வாங்குவோர் ஏமாறுவர்.

தாளத்தில் நிலைமை வேறு. ஸ்வரங்களைப் பதிந்து மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்யும் சீக்வென்சரில் 16 படிகள் உள்ளன. அட்சரத்துக்கு இரண்டு படி என்று வைத்தால் அவை ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களுக்குச் சரியாகப் பொருந்தும். ஆக்டிவ் ஸ்டெப் வசதியால் இரண்டு படிகளை நீக்கினால் எஞ்சும் 14 படிகளில் மிஸ்ர சாபு அடங்கிவிடும். ஃப்ளக்ஸ் என்ற நிலையில், வாசித்தது படிகளின் கட்டத்துக்குள் இழுத்துப் பொருத்தப்படாமல், வாசித்த காலப்படியே பதிவாகும். எட்டுப் பதிவுகளைச் சேமிக்கவும், குமிழ்களின் அசைவையே உடன் பதிந்துகொள்ளவும் முடியும்.

சேமிக்க முடியாதது ஒலி. குமிழ்களை எந்த நிலையில் வைத்தோமோ அதுவே அப்போதைய ஒலி; யாராவது கையை வைத்துவிட்டால் போயிற்று. மேடையில் வாசிப்பவருக்கு இது பெரும் தொல்லை என்றாலும், கற்பவர் ஒவ்வொரு முறையும் ஒலியைக் காதால் தேடித் திரும்பக் கட்டவேண்டியிருப்பதால், ஒரு மாதத்தில் எந்தக் குமிழ் என்ன செய்கிறது என்பது அவருக்கு மனப்பாடமாகிவிடும். ஆயத்த ஒலிகள் நிறைந்த விலையுயர்ந்த கருவிகள் இந்தக் கட்டாயத்தை ஏற்படுத்துவதில்லை.

விலையைக் கணக்கிடும்போது, 9 வோல்ட் அடாப்டர் தனியாக வாங்கவேண்டியது என்பதையும், சிறு ஒலிபெருக்கியில் தாழ்சுரங்கள் ஏறக்குறைய கேட்காது என்பதால் ஹெட்போன் அவசியம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தொடுகட்டைகள் விரலின் அழுத்தத்தை உணர்வதில்லை. வேறொரு கீபோர்டை இணைத்து வாசிக்க விரும்புவோர், அதில் ஐந்து முனைகொண்ட மிடி வெளியீடு உள்ளதா என்று முன்பே பார்த்துக்கொள்ளட்டும்; யூஎஸ்பி மட்டும் உள்ளவை இதில் நேரடியாகப் பொருந்தா. பாட்டு வாசிக்க விரும்புகிறவருக்குச் சாதாரண கீபோர்டே போதுமானது. ஒலி எப்படி உண்டாகிறது என்று அறிய விரும்புகிறவர் வோல்கா கீஸைத் தயங்காமல் வாங்கலாம்.