உங்களுக்குத் தெரியுமா? பியானோ வராத ஜாஸ் கச்சேரி

நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் நேரடியாகப் பதிவான முதல் ஜாஸ் இசைத்தட்டில் பியானோவே கிடையாது! 1957 நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. சன்னி ரோலின்ஸின் டெனர் சாக்ஸபோன், ஒரு பாஸ், ஒரு டிரம்ஸ், அவ்வளவுதான். மதியம் பாஸில் டொனால்ட் பெய்லியும் டிரம்ஸில் பீட் லா ரோக்காவும் துணை. இரவில் வில்பர் வேரும் எல்வின் ஜோன்ஸும். ஆள் மாறியதும் தாளத்தின் எடையே மாறுகிறது. பியானோ இருந்திருந்தால் இவ்வளவு துலக்கமாகக் கேட்டிருக்காது.

பல சுரங்களை ஒன்றாக ஒலிக்க பியானோ இல்லையென்றால் பாட்டு அந்தரத்தில் தொங்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பாஸ் அடிச்சுரத்தைப் பிடித்துக்கொள்கிறது. மேலே வரவேண்டிய சுரங்களை ரோலின்ஸ் ஒவ்வொன்றாக உதிர்த்துக் காட்டுகிறார், மிச்சத்தை நம் காது கூட்டிக்கொள்கிறது. எடுத்துக்கொண்டவற்றில் பல, அன்றைய ரசிகர்களுக்கு மனப்பாடமான மெட்டுகள் என்பதும் கைகொடுத்தது. 1952இலேயே சாக்ஸபோன் கலைஞர் ஜெர்ரி மல்லிகன் பியானோவை விட்டுவிட்டாரே என்றால், உண்மைதான். ஆனால் அவருக்குப் பக்கத்தில் செட் பேக்கரின் டிரம்பெட் பதில் பேசிக்கொண்டிருந்தது. ரோலின்ஸுக்கு அப்படி இன்னொரு ஊதுகருவி இல்லை. அதனால் அவர் ஊதாமல் நிறுத்தும் இடங்களில் டிரம்ஸ் முன்னால் வந்துவிடுகிறது, குறிப்பாக எல்வின் ஜோன்ஸ் வாசித்த இரவுப் பகுதியில்.