புற்றுக் குருத்தணுக்களும் உயிரணுச் சமிக்ஞைகளும்

சிகிச்சையால் அடங்கிய புற்றுநோய் மீள்வதேன் என்னும் வினாவுக்கு நாட்பட்ட மயலாய்டு இரத்தப் புற்றுநோய் தக்க சான்றாகும். இந்நோயில் 9, 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம்மாறி இணைவதால் பிசிஆர்-ஏபிஎல் என்னும் நொதி தோன்றி, பெருக்கச் சமிக்ஞையை இடையறாது அனுப்புகிறது. 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இமாட்டினிப் மருந்து அந்நொதியை முடக்க, பெருகும் அணுக்கள் மடிகின்றன. ஆயினும் எலும்பு மச்சையில் உறங்கும் புற்றுக் குருத்தணுக்கள் சில எஞ்சுகின்றன. அவை அந்நொதியை மட்டும் சார்ந்து வாழ்வதில்லை. சூழ்ந்துள்ள அணுக்கள் விடுக்கும் விண்ட் முதலிய சமிக்ஞைகளும் அவற்றைக் காக்கின்றன. எனவே, ஆழ்ந்த தணிவு எய்தியோருள்ளும் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு, மருந்தை நிறுத்தியபின் நோய் மீள்கிறது. நோயை வேரறுக்க இக்காப்புச் சமிக்ஞைகளையும் தடுத்தல் வேண்டும். ஆனால் இயல்பான இரத்தக் குருத்தணுக்களைப் பேணுவனவும் அவையே. நலமுள்ளதை விடுத்து நோயுற்றதை மட்டும் தாக்கும் வழி காண்பதே ஆய்வாளர் முன்னுள்ள பணியாகும்.