காட்டைத் தின்னும் பஞ்சு

மரத்திலே பஞ்சு காய்க்குமா? இலவமரத்தில் காய்க்கும். ஆனால், அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில், பஞ்சே காய்க்காத ஒரு மரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பஞ்சு தோன்றிவிட்டால் அந்த மரத்துக்கு ஆபத்து வந்துவிட்டது என்று பொருள்!

அந்த மரத்தின் பெயர் ஹெம்லாக்.

"கிரேக்க ஞானி சாக்ரட்டீசுக்குக் கொடுத்த நஞ்சுக்கும் அதுதானே பெயர்?" என்று சிலர் கேட்கக்கூடும். அது ஒரு சின்னச் செடி. இதுவோ ஊசி ஊசியாக இலை விடும் பெரிய மரம். நூறு அடிக்கு மேல் வளரும். 500 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த மரங்களும் உண்டு.

ஹெம்லாக் மரத்தின் நிழல் மிக அடர்த்தியானது. உச்சி வேளையிலும் அதன் அடியில் அந்தி நேரம் போல இருக்கும். ஓடைக் கரைகளில் இது கூட்டமாக நிற்கும். அதனால் கோடையிலும் ஓடைத் தண்ணீர் சில்லென்று இருக்கும். டிரவுட் என்ற மீன் அந்தக் குளிர்ந்த நீரில்தான் பிழைக்கும்.

எல்லாம் பெண்!

பஞ்சுக்குள்ளே இருப்பது ஒரு பூச்சி. கடுகைவிடச் சிறியது. நம் வீட்டுச் செம்பருத்தியில் வருகிற மாவுப்பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதுபோலத் தோன்றும். ஊசி இலையின் அடியில் போய் உட்கார்ந்து, மயிரிழை போன்ற தன் வாயை உள்ளே செலுத்தும். அந்த வாய் அதன் உடலைவிட நீளமானது! மரம் சேர்த்து வைத்திருக்கும் உணவை உறிஞ்சும். பிறகு இடம் மாறுவதே இல்லை. தன் மேல் தானே பஞ்சைப் போர்த்திக்கொள்ளும். அதற்குள் முட்டை இடும்.

இந்தக் காடுகளில் ஆண் பூச்சியே கிடையாது. அத்தனையும் பெண். ஆண் இல்லாமலே ஒன்று 300 முட்டைகள் வரை இடும். ஆண்டுக்கு இரண்டு தலைமுறை. கோடையில் தூங்கும், குளிர்காலத்தில் விழித்துத் தின்னும். என்ன விசித்திரம், பாருங்கள்!

இதன் சொந்த ஊர் ஜப்பான். அங்கே ஹெம்லாக் மரங்கள் இதைத் தாங்கி நிற்கின்றன. இதைத் தின்னும் வண்டுகளும் அங்கே உண்டு. அலங்கார மரக்கன்றுகளோடு இது கடல் தாண்டி வந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். வர்ஜீனியா மாநிலத்தில் ரிச்மண்டு நகருக்கு அருகே 1951-ல் கண்ணில் பட்டது. காற்று, பறவை, மான், மனிதர் என்று எதில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொண்டு போகும். 1985-ல் கனெக்டிகட் மாநிலம், 2002-ல் ஸ்மோக்கி மலைப் பூங்கா, 2017-ல் கனடாவின் நோவா ஸ்கோஷியா! பூச்சி பிடித்த மரம் பல இடங்களில் நாலு ஆண்டு முதல் பத்து ஆண்டுக்குள் பட்டுப்போகிறது.

பகைவனுக்குப் பால்சோறு

பூச்சி மட்டுமா எதிரி? இல்லை. காற்றும் அதற்குத் துணை செய்கிறது.

நைட்ரஜன் கெட்ட பொருள் அல்ல. காற்றில் முக்கால் பங்குக்கு மேல் அதுதான். நம் உழவர்கள் அதைத் தழைச்சத்து என்பார்கள். யூரியாவில் இருப்பது அதுவே. ஆனால் வயலுக்கு யூரியாவை அளவுக்கு மிஞ்சிப் போட்டால் என்ன ஆகிறது? பயிர் கரும்பச்சையாகச் செழிக்கிறது. பார்க்க அழகுதான். பின்னாலேயே புகையான் வந்துவிடுகிறது!

காட்டுக்கு யார் யூரியா போட்டார்கள்? மோட்டார் வண்டியும் மின்சார நிலையமும் விடும் புகையில் நைட்ரஜன் இருக்கிறது. உரம் போட்ட வயலிலிருந்தும் மாட்டுப் பண்ணையிலிருந்தும் அமோனியா கிளம்புகிறது. இரண்டும் காற்றோடு போய், மழையோடு காட்டில் இறங்குகின்றன.

மார்க் மக்ளூர் என்ற அறிஞர் கனெக்டிகட்டில் ஹெம்லாக் மரங்களுக்கு நைட்ரஜன் உரம் போட்டுப் பார்த்தார். உரம் தின்ற மரங்களில் பூச்சிகள்தான் கொழுத்துப் பெருகின. 1991-ல் இதை வெளியிட்டார். வாடிய மரத்துக்கு உரம் போடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். இங்கே அது பகைவனுக்குப் பால்சோறு வைத்த கதை.

மண்ணுக்கும் கேடுதான். வேர் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய நைட்ரஜன், நைட்ரேட் உப்பாக மாறி நீரோடு போகும். போகும்போது மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தையும் இழுத்துக்கொண்டு போகும். மண் புளித்துவிடும்.

பூச்சிக்கு முன்னே கோடரி

ஹெம்லாக் போனால் காடு என்ன ஆகும்? இதை அறிய மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஹார்வர்டு பல்கலைக் கழகக் காட்டில் ஒரு சோதனை செய்தார்கள். பூச்சி அங்கே பரவுமுன், 2005-ல், ஹெம்லாக் மரங்களின் பட்டையை வளையமாக அறுத்து, நின்ற நிலையிலேயே சாக விட்டார்கள். நல்ல மரத்தை அறுக்க மனம் வருமா? ஆனால் நாலைந்து ஆண்டுகளில் பூச்சி அங்கேயும் வந்தேவிட்டது. அறுக்காமல் விட்டிருந்த மரங்களிலும் பஞ்சு கட்டியது!

மரம் செத்த இடத்தில் வெயில் இறங்குகிறது. தரை சூடாகிறது. மரம் பிடித்து வைத்திருந்த நைட்ரஜன் அவிழ்ந்து ஓடைக்கு ஓடுகிறது. குளிர்காலத்தில் இலை உதிர்க்கும் பிர்ச் மரங்கள் அந்த இடத்தில் முளைக்கின்றன. ஹெம்லாக்கில் கூடு கட்டிய கறுப்புத் தொண்டைப் பச்சைக் குருவி வேறு இடம் தேடுகிறது.

வேட்டைக்கு வண்டு

ஸ்மோக்கி மலையில் மரம் மரமாக வேரடியில் மருந்து ஊற்றுகிறார்கள். ஊற்றின மரம் சில ஆண்டுகள் தப்பும். பிறகு மறுபடி ஊற்ற வேண்டும். காடு முழுவதற்கும் ஊற்றி மாளுமா? ஆகவே வண்டுகளை நாடினார்கள். ஜப்பானிலிருந்து கொண்டுவந்த பொறிவண்டுகளை 1995-ல் காட்டில் விட்டார்கள். 2003 முதல் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து ஒரு கறுப்பு வண்டையும் கொண்டுவந்து விடுகிறார்கள். இந்தக் கறுப்பு வண்டு பலே ஆள்! பூச்சி தூங்கும் கோடையில் இதுவும் மண்ணுக்குள் தூங்குகிறது. இலையுதிர் காலத்தில் பூச்சி விழிக்கும்போது இதுவும் விழித்து மரம் ஏறுகிறது.

புகைக்கும் சட்டம் வந்தது. 1970-லும் 1990-லும் அமெரிக்க அரசு கட்டுப்பாடுகளை இறுக்கியது. புகை நைட்ரஜன் நன்றாகக் குறைந்திருக்கிறது. பண்ணை அமோனியா அப்படிக் குறையவில்லை.

வண்டு வேலையிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. கறுப்பு வண்டு குளிர்காலத் தலைமுறையைத் தின்றுவிட்டு மண்ணுக்குள் போய்விடுகிறது. வசந்தத்தில் பிறக்கும் இரண்டாம் தலைமுறை தப்பிவிடுகிறது. அதையும் வேட்டையாட, 2015 முதல் மேற்குக் கரையிலிருந்து வெள்ளி நிற ஈக்களைக் கொண்டுவந்து மரங்களில் விட்டு வருகிறார்கள்.