சிறார்க்கு நிரல் கற்பித்தல்

கணிப்பொறி தானே எண்ணித் துணியும் ஆற்றல் உடையதன்று. ஏவியதை ஏவியவண்ணமே இயற்றும் ஏவலாள் அது. அவ்வேவல்களை ஒழுங்குற அமைப்பதே நிரலாக்கமாம். எழுத்தும் எண்ணும் இப்பொழுதே பயிலத் தொடங்கிய தொடக்கப்பள்ளிச் சிறார்க்கு இக்கலை இயலுமோ எனச் சிலர் ஐயுறுவர். இயலும் என்பதையும், இயலும் வகையையும் ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

1967-ஆம் ஆண்டில் சீமோர் பாப்பர்ட் முதலிய அறிஞர் அமெரிக்க நாட்டில் லோகோ என்னும் நிரல்மொழியைச் சிறார்க்கென்றே ஆக்கினர். பின்னர் அதிற் சேர்ந்த ஆமை, குழந்தை இட்ட ஏவற்படி நகர்ந்து கோடு வரையும். ஆயினும் கட்டளைகளைப் பிழையற எழுதுதல் சிறார்க்கு அரிதாயிற்று. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஸ்கிராச் இவ்விடரைக் களைந்தது. இதன்கண் ஒவ்வொரு கட்டளையும் ஒரு வண்ணக் கட்டையாகும். பொருந்துவனவே ஒன்றோடொன்று கோக்கும். 2014-இல் வந்த ஸ்கிராச் ஜூனியரோ, வாசிக்க அறியாத ஐந்தாண்டுக் குழவிக்கும் படக்குறிகளாற் பயன்படும்.

நிரலின் உயிர்நிலை வரிசை, மீட்சி, நிபந்தனை என மூன்று. இவற்றைத் திற்பரப்புச் சிறுவன் பள்ளி புகுமுன்னரே அறிவான். சிவராத்திரியில் ஓடும் அடியார், திருமலை முதல் திருநட்டாலம் ஈறாகப் பன்னிரு சிவாலயங்களையும் முறை பிறழாது காண்பர். திற்பரப்பு அவற்றுள் மூன்றாவது. இது வரிசை. ரப்பர்த் தோட்டத்திற் பால் வெட்டுவோர் ஒரு மரத்திற் செய்ததையே அடுத்த மரத்திலும் செய்வர். இது மீட்சி. கோதையாறு பெருகின் அருவியில் நீராடல் தடுக்கப்படும். தணியின் இசைவு கிட்டும். இது நிபந்தனை. அறிந்ததினின்று அறியாததற்கு அழைத்துச் செல்லுதலே ஆசிரியன் கடன்.

இனிப் பயனைக் காண்போம். 'நூறு அடி செல், 90 பாகை திரும்பு' என்பதை நான்கு முறை இயற்றினால் திரையிற் சதுரம் தோன்றும். 90-க்கு மாறாக 60 என இட்டாலோ உருவம் மூடாது. கடிந்துரைப்பார் எவருமின்றித் தன் பிழையைக் குழந்தை தானே கண்டு திருத்திக் கொள்கிறது. இப்பழக்கமே இக்கல்வியின் பெரும்பேறு. பொறியாளரை ஆக்குதல் அதற்கு அடுத்ததேயாம்.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை நடுநிலை வகுப்புகளில் நிரலாக்கத்தைப் பரிந்துரைக்கின்றது. ஆயினும் அறியாத மொழியிற் கட்டளை அமைந்தால், சிந்திக்க வேண்டிய குழந்தை சொல்லை உருப்போட்டே சோரும். தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதத்தக்க 'எழில்' என்னும் மொழி நம்மிடையே தோன்றியுள்ளமை மகிழ்தற்குரியது. அதுவும் எழுத்தால் இயல்வதாதலின், இளஞ்சிறார்க்குத் தமிழ்க் கட்டைகளே ஏற்றன.

பொறியில்லாப் பள்ளி சோர்தல் வேண்டா. தரையிற் சுண்ணக்கட்டியாற் கட்டம் வரைந்து, ஒரு சிறுவன் ஏவ மற்றொருவன் ஏவியவாறே நடப்பானாயின் அதுவும் நிரலேயாம். மாணவ அன்பர்காள்! விடுமுறையில் நும் ஊர்ப் பள்ளியில் ஒரு மணி நேரம் இதனை நடத்திப் பாருங்கள். மலையடிவாரத்துக் குழந்தையின் அறிவு நகரத்துக் குழந்தையின் அறிவிற்கு எவ்வாற்றானும் தாழ்ந்ததன்று என்பது அன்றே புலனாகும்.