செல்லாக் காசின் சேவை

ஒருவரைப் பயனற்றவர் என்று இகழ வேண்டுமானால் அவரைச் 'செல்லாக் காசு' என்கிறோம். கடைக்காரர் ஏற்காத காசு எதற்கும் உதவாது என்பது அந்த இகழ்ச்சியின் பொருள். ஆனால், வீட்டுப் பின்புறத்தில் ஒரு சிறு பட்டறை வைத்து, அரமும் சுத்தியலும் கையிலெடுத்துப் பழகியவர் இதை ஒப்புக்கொள்ளமாட்டார். கடையில் செல்லாத காசு அவருடைய பட்டறையில் நன்றாகவே செல்லும். அது எங்கே செல்லும், எங்கே செல்லாது, எங்கே செலுத்தினால் ஆபத்து விளையும் என்பவற்றையே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

நான் வசிப்பது இரத்மலானை. புகையிரத வேலைத்தளத்தின் ஓசை கேட்கும் தூரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. அந்த வேலைத்தளத்தில் நெடுங்காலம் பொருத்துநராக இருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் எங்கள் அயலில் வாழ்ந்தார். அவருடைய மேசை இழுப்பறையில் ஒரு பிஸ்கட் தகரம் நிறையப் பழைய நாணயக் குற்றிகள் இருக்கும். "தம்பி, இதைக் காசென்று பாராதே. அளவு பிசகாத உலோக வில்லையென்று பார்" என்று அவர் அடிக்கடி சொல்வார். அந்த ஒரு வாக்கியத்தில் இந்தப் பேச்சின் பாதி அடங்கிவிடும்.

நாணயச் சாலையில் அச்சிடப்படும் காசு, குறித்த கலப்பில் வார்க்கப்பட்டு, குறித்த தடிப்புக்கு உருட்டப்பட்டு, குறித்த விட்டத்துக்கு வெட்டப்படுவது. ஒரே காலத்தில் அச்சான ஒரே மதிப்புள்ள நூறு குற்றிகளை எடுத்தால், நிறையிலும் அளவிலும் அவற்றிடையே காணப்படும் வேற்றுமை மிகச் சிறிது. சட்டைப் பையில் கிடக்கும் பொருள்களுள் இவ்வளவு ஒழுங்காகச் செய்யப்பட்டது வேறொன்று இருப்பது அரிது.

இந்த ஒழுங்கை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். இந்தியாவின் வெள்ளி ரூபாய் 180 கிரெயின், அதாவது ஏறத்தாழ 11.66 கிராம் நிறையுடையது. அதுவே ஒரு தோலா. பொருளை நிறுக்கும் படிக்கல்லும் பொருளை வாங்கும் பணமும் ஒன்றாகவே இருந்தன. பிரித்தானியாவின் பழைய வெண்கலப் பென்னி மூன்று சேர்ந்தால் ஓர் அவுன்ஸ்; அரைப் பென்னியின் விட்டம் ஓர் அங்குலம். தராசும் அளவுகோலும் இல்லாத வீட்டிலும் காசு இருந்தது.

காசை நிறையாகப் பயன்படுத்தியதற்கு மிகப் புகழ்பெற்ற சான்று இலண்டன் மாநகரில் உள்ளது. வெஸ்ட்மின்ஸ்டர் மாளிகையின் பெரிய மணிக்கூட்டின் ஊசலில் பழைய பென்னிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு பென்னியைக் கூட்டினால் மணிக்கூடு நாளொன்றுக்கு 0.4 விநாடி விரைந்து ஓடும்; எடுத்தால் அந்த அளவு தாமதிக்கும். ஊசற் குண்டின் மேற்புறத்தில் நிறை ஏறும்போது ஊசலின் ஈர்ப்பு மையம் சிறிது உயர்கிறது. உயரவே ஊசல் நீளம் குறைந்ததுபோல் ஆகி விரைந்து ஆடுகிறது. அரசாங்கத்தின் மணிக்கூட்டையே ஒரு காசு திருத்துமானால், நம் வீட்டுப் பட்டறையில் அதற்கு இடமில்லை என்று யார் சொல்லமுடியும்?

இனி நம் பக்கத்துக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உலோகத்துக்குப் பெருந் தட்டுப்பாடு ஏற்பட்டது. அதனால் 1943ஆம் ஆண்டு முதல் 1947 வரை இந்தியாவில் நடுவே பெரிய துளையுள்ள வெண்கலக் காசு வெளியிடப்பட்டது. தமிழ்நாட்டார் அதனை 'ஓட்டைக் காலணா' என்றனர். ரூபாயில் அறுபத்து நான்கில் ஒரு பங்கே அதன் மதிப்பு. கடையில் ஒரு வாஷர் வாங்கும் விலைக்கு அந்தக் காசு மலிவாக இருந்தமையால், மக்கள் அதையே வாஷராகப் போட்டு முடுக்கினர் என்று இன்றளவும் சொல்லப்படுகிறது. உலோகத்தை மிச்சப்படுத்த அரசாங்கம் இட்ட துளை, போல்ட் நுழையும் வழியாயிற்று.

இலங்கையில் துளையுள்ள காசு இல்லை. ஆயினும் வடிவத்தில் நம் குற்றிகள் குறைந்தவையல்ல. பனைமர உருவம் பொறித்த பழைய ஒரு சதம் செம்பு மிகுந்தது. விட்டம் ஏறத்தாழ 22 மில்லிமீற்றர். 1909ஆம் ஆண்டு முதல் ஐந்து சதம் மூலை மழுங்கிய சதுர வடிவில் வந்தது. முதலில் அது செம்பும் நிக்கலும் கலந்தது. 1942 முதல் நிக்கற் பித்தளையாயிற்று. 1963இல் ஒரு சதமும் இரண்டு சதமும் அலுமினியமாக மாறின. பின்னர் உருக்கின்மேல் நிக்கலோ பித்தளையோ பூசிய குற்றிகளும், அண்மைக் காலத்தில் துருவேறா உருக்குக் குற்றிகளும் வந்தன. ஆகவே, ஒரு பழைய காசுத் தகரம் என்பது உண்மையில் ஐந்தாறு வகை உலோகங்களின் களஞ்சியமாகும்.

வாஷரின் வேலை யாது? போல்டின் தலை மரத்தில் புதையாதபடி அழுத்தத்தைப் பரப்புவதாகும். 6 மில்லிமீற்றர் போல்டின் தலை 10 மில்லிமீற்றர் அகலமானது என்று கொள்வோம். அதன்கீழ் 22 மில்லிமீற்றர் விட்டமுள்ள குற்றியை இட்டால், மரத்தைத் தாங்கும் பரப்பு ஏழு மடங்காகிறது. சதுர ஐந்து சதத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அதன் ஒரு பக்கம் சட்டத்தின் விளிம்பில் முட்டி நின்றால், முடுக்கும்போது அது சுழலாது. மேசைக்கால் ஆடினால் அதன்கீழ் ஒரு சதம். பலகைகளுக்கிடையே சமமான இடைவெளி வேண்டுமாயின் ஒரே வகைக் குற்றிகள் நான்கு. அகன்ற வெட்டுள்ள திருகாணியைத் திருப்பத் திருப்புளி அகப்படாவிட்டால் ஒரு குற்றியின் விளிம்பு. இவையெல்லாம் எளிய உதவிகள்.

துளையிடுவதில் சிறிது கவனம் வேண்டும். முதலில் நடுப்புள்ளியைக் காணவேண்டும். சதுரக் குற்றியில் மூலைக்கு மூலை இரு கோடுகள் கீறினால் அவை வெட்டுமிடமே நடு. வட்டக் குற்றிக்கு ஓர் எளிய வழி உண்டு. அஞ்சலட்டை ஒன்றின் மூலையைக் குற்றியின் விளிம்பிலே பொருந்தும்படி குற்றியின் மேல் வையுங்கள். அட்டையின் இரு பக்கங்களும் மறு விளிம்பைக் கடக்கும் இரு புள்ளிகளையும் குறித்து இணைத்தால், அக்கோடு விட்டமாகும். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்று பள்ளியிலே படித்தோமே, அதன் பயன் இதுதான். அட்டையைத் திருப்பி இன்னொரு விட்டம் கீறினால், இரண்டும் சந்திக்குமிடம் நடுப்புள்ளி.

அவ்விடத்தில் ஆணியால் தட்டி ஒரு சிறு குழி செய்தபின் துளையிடலாம். ஆனால் குற்றியை ஒருபோதும் விரலாற் பிடிக்கக்கூடாது. துளையூசி மறுபக்கம் வெளிவரும் கணத்தில் மெல்லிய உலோகத்தைக் கவ்விச் சுழற்றும். சுழலும் காசு கத்திபோல் விரலை வெட்டும். இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே வைத்து இறுக்கிய பின்னரே துளையிடவேண்டும். கண்ணுக்குக் கண்ணாடியும் அவசியம். துருவேறா உருக்கானால் வேகத்தைக் குறைத்து, எண்ணெய் விட்டு, அழுத்தம் தளராமல் துளையுங்கள். ஊசி வெட்டாமல் உரசினால் அந்த இடம் மேலும் கடினமாகிவிடும்.

இன்னொன்று. காசின் விளிம்பு சற்று உயர்ந்தும் நடுப்பகுதி தாழ்ந்தும் இருக்கும். அப்படியே வாஷராக இட்டால் அது விளிம்பில் மட்டும் உட்காரும். நாளடைவில் வளைந்து, முடுக்கு தளரும். கண்ணாடித் துண்டின்மேல் உரமான அரத்தாளை விரித்து, இரு முகங்களையும் தேய்த்துச் சமப்படுத்தவேண்டும்.

துளையிட்டாயிற்று, சமப்படுத்தியாயிற்று, இனி எங்கும் போடலாமா? இங்கேதான் நான் பிழை செய்தேன்.

எங்கள் பின்விறாந்தைக்கு நாகம் பூசிய தகரக் கூரை போட்டேன். வாஷர் குறைந்துபோகவே, அழகாகத் துளையிட்ட செம்புச் சதங்களை ஆணிகளின்கீழ் இட்டேன். சிவந்த காசுகள் வரிசையாக மின்னியதைக் கண்டு எனக்குப் பெருமிதம். இரண்டு மழைக்காலங்கள் கழிந்தன. ஒருநாள் விறாந்தையில் நீர் சொட்டியது. ஏறிப் பார்த்தால், காசுகள் பத்திரமாக இருக்கின்றன; அவற்றைச் சுற்றியிருந்த தகரம் வட்ட வட்டமாகத் துருவேறிப் பொத்தலாகிவிட்டது. நான் அயலவரை அழைத்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "தம்பி, கூரையில் இருபது பற்றரி செய்து வைத்திருக்கிறாய்" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. 1800ஆம் ஆண்டில் இத்தாலிய விஞ்ஞானி வோல்ற்றா, செம்பு அல்லது வெள்ளி வில்லையையும் நாக வில்லையையும் மாறிமாறி அடுக்கி, இடையே உப்புநீரில் தோய்த்த அட்டையை வைத்து மின்னோட்டத்தைப் பெற்றார். அந்த அடுக்கில் கரைந்து அழிவது நாகம், செம்பு அழிவதில்லை. இரத்மலானையிலும் வெள்ளவத்தையிலும் கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து கூரையில் படிய வைக்கிறது. மழை அதை உப்புநீராக்குகிறது. செம்புக் காசும் நாகப் பூச்சும் அந்த நீரில் தொட்டுக்கொண்டிருந்தால் வோல்ற்றாவின் அடுக்கு தானாகவே அமைந்துவிடுகிறது. முதலில் நாகம் கரைகிறது. பிறகு பாதுகாப்பிழந்த இரும்பு துருப்பிடிக்கிறது.

ஆகவே விதி இது: காசைத் தேர்வதற்கு முன் அதன் அயலிலே என்ன உலோகம் இருக்கிறதென்று பாருங்கள். செம்புக் குழாய்க்கும் பித்தளை ஆணிக்கும் செம்புக் காசு உறவு. நாகத் தகரத்துக்கும் அலுமினியத்துக்கும் அது பகை. நாகத் தகரத்துக்கு 1963இன் அலுமினியச் சதம் எவ்வளவோ மேல். இவ்விரு உலோகங்களும் குணத்தில் நெருங்கியவை. பூச்சுள்ள உருக்குக் காசைத் துளைத்தால், துளையின் ஓரத்தில் உருக்கு வெளிப்பட்டு அங்கிருந்தே துரு தொடங்கும். அது வீட்டினுள் உலர்ந்த இடத்துக்கே ஏற்றது.

சமையற் பாத்திரத்தின் ஓட்டையை அடைக்கச் செம்புக் காசைப் பயன்படுத்துவதும் தவறு. செம்புப் பாத்திரத்துக்கு நம் வீடுகளில் ஏன் ஈயம் பூசினார்கள்? புளியும் செம்பும் சேர்ந்தால் களிம்பு பிடிக்கும் என்று நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். பூச்சில்லாத ஒரு காசு பானையின் அடியில் இருந்தாலும் அதே தீங்குதான்.

இறுதியாக, மிகக் கொடிய பிழையைச் சொல்லவேண்டும். மின்சார உருகி எரிந்து வீடு இருண்டதும், அதனிடத்தில் ஒரு காசையோ தடித்த கம்பியையோ செருகி விளக்கை எரியவைக்கும் வழக்கம் உலகெங்கும் இருந்தது. அமெரிக்காவில் திருகி மாட்டும் உருகிகளின் பின்னே ஒரு சதக் காசை வைத்து எத்தனையோ வீட்டார் தீயை வரவழைத்தனர். உருகி என்பது வேண்டுமென்றே மெலிதாகச் செய்யப்பட்ட கம்பி. மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் தோன்றும் வெப்பம் நான்கு மடங்காகும். சுவருக்குள் இருக்கும் கம்பி சூடேறுமுன் தான் உருகி, மின்னைத் துண்டித்து வீட்டைக் காப்பதே உருகியின் கடமை. 5 அம்பியருக்கு உருகவேண்டிய இடத்தில் காசை வைத்தால், அது நூறு அம்பியருக்கும் அசையாது. அப்பொழுது உருகப்போவது எது? சுவருக்குள்ளும் கூரை மரத்தருகிலும் ஓடும் கம்பிதான். காசு தப்பும், வீடு எரியும். இன்று தானியங்கும் ஆளிகள் பல வீடுகளில் வந்துவிட்டன. எனினும் பழைய பீங்கான் உருகிகள் முற்றாக மறையவில்லை. உருகி எரிந்தால் உரிய அளவுள்ள உருகிக் கம்பியையே இடுங்கள். மீண்டும் எரிந்தால் மின்வேலை தெரிந்தவரை அழையுங்கள்.

புழக்கத்தில் உள்ள காசை வெட்டுவதும் துளைப்பதும் முறையன்று என்பதையும் நினைவிற்கொள்ளவேண்டும். இந்தியாவில் 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம் காசை உருக்குவதையும் அழிப்பதையும் தடைசெய்கிறது. பிரித்தானியாவிலும் 1971ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதியின்றி உருக்குவதையும் உடைப்பதையும் தடுக்கிறது. துளைப்பதற்கு வழக்கொழிந்த காசையே எடுங்கள். அதையும் ஒருமுறை ஆண்டு பார்த்து எடுங்கள். அரிய காசொன்றில் துளையிட்டுவிட்டுப் பின்னர் வருந்துவதிற் பயனில்லை.

நேயர்களே, அந்த முதியவர் இன்று இல்லை. அவருடைய பிஸ்கட் தகரம் என்னிடம் இருக்கிறது. அதை நான் இப்பொழுது உலோகவாரியாகப் பிரித்துச் சிறு பைகளில் இட்டு வைத்திருக்கிறேன்: செம்பு ஒரு பை, பித்தளை ஒரு பை, அலுமினியம் ஒரு பை, உருக்கு ஒரு பை. விறாந்தைக் கூரையின் ஆணிகளின்கீழே இப்பொழுது அலுமினியச் சதங்கள் இருக்கின்றன. பழைய செம்புக் காசு ஒன்றை மட்டும் பட்டறைச் சுவரில், உருகிப் பெட்டிக்கு அருகே, ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். விளக்கு அணைந்த வேளையில் கை அவசரப்படாதிருக்க அது எனக்கு எச்சரிக்கை.