தர்மபுரி மரவள்ளியை விடாமல் துரத்தும் இரண்டு எதிரிகள்: மருந்து அடித்தும் ஏன் தீரவில்லை? எளிய விளக்கம்

தர்மபுரி, சேலம் பக்கம் இதைக் குச்சிக்கிழங்கு என்பார்கள். விதை கிடையாது, குச்சியை நட்டால் போதும். அதிகம் தண்ணீர் கேட்காது. மழையை நம்பியிருக்கும் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் விவசாயிக்கு இதைவிடச் சுலபமான பணப்பயிர் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் விதைச் செலவு இல்லாத அந்தக் குச்சியேதான் இப்போது நோயையும் ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குக் கொண்டுபோகிறது. இது எப்படி நடக்கிறது? தப்பிக்க வழி என்ன? பார்க்கலாம்.

மரவள்ளியைத் தாக்குவது என்ன?

இரண்டு தனித்தனி பிரச்சினைகள். பலரும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று, தேமல் நோய். இது வைரஸால் வருவது. இலையில் மஞ்சளும் பச்சையும் கலந்து திட்டுத் திட்டாகத் தெரியும். இலை சிறுத்து, கோணி, சுருங்கிப்போகும். தமிழ்நாட்டில் அதிகம் காணப்படுவது 'இலங்கை மரவள்ளி தேமல் வைரஸ்' என்ற வகை.

இன்னொன்று, மாவுப்பூச்சி. இது செடியின் சாற்றை உறிஞ்சும் பூச்சி. நுனிக்குருத்தில் வெள்ளை மாவு பூசியதுபோல அப்பியிருக்கும். கணு நீளாமல், நுனி இலைகள் கொத்தாகச் சுருண்டு நிற்கும். இந்தியாவில் இது முதலில் தென்பட்டது 2020-ல், கேரளாவின் திருச்சூரில். அதே ஆண்டிலேயே தமிழ்நாட்டு மரவள்ளி வயல்களுக்கும் வந்துவிட்டது.

விவசாயிக்கு எவ்வளவு நஷ்டம்?

தேமல் நோயால் மகசூல் 20 முதல் 80 சதவிகிதம் வரை குறையலாம். எந்த ரகம், எந்த வயதில் நோய் வந்தது என்பதைப் பொறுத்து இது மாறும்.

அடி இதோடு நிற்பதில்லை. இங்கே விளையும் கிழங்கில் பெரும்பகுதி ஜவ்வரிசி, ஸ்டார்ச் தயாரிக்கும் சேகோ ஆலைகளுக்குப் போகிறது. அங்கே எடையை மட்டும் பார்த்துப் பணம் தருவதில்லை. கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்பதை 'பாயிண்ட்' கணக்கில் பார்க்கிறார்கள். நோய் வந்த செடியில் கிழங்கும் குறையும், பாயிண்ட்டும் இறங்கும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 10 டன் கிழங்கு, 28 பாயிண்ட் என்றால் பெருக்கினால் 280. அதுவே 7 டன், 24 பாயிண்ட் ஆகிவிட்டால் 168. எடை குறைந்தது 30 சதவிகிதம், வருமானம் குறைந்தது 40 சதவிகிதம். குத்தகை, உழவு, களை எடுத்த கூலி எதுவும் குறையாது. எட்டிலிருந்து பத்து மாதம் காத்திருந்த பயிர் என்பதால், அந்த வருஷத்தையே இழந்த மாதிரிதான்.

நோய் எப்படிப் பரவுகிறது?

தேமல் வைரஸுக்கு இரண்டு வழி. வெள்ளை ஈ ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குக் கொண்டுபோகும். அதைவிட மோசமான வழி, நோய் வந்த செடியின் குச்சியை வெட்டி நடுவது. ஈ மூலம் தாமதமாக நோய் வந்தால் செடி அதற்குள் ஓரளவு வளர்ந்திருக்கும். குச்சியிலேயே வைரஸ் இருந்தால் முதல் இலையிலிருந்தே நோய்தான்.

அப்படியானால் நல்ல குச்சியாகப் பார்த்து நட வேண்டியதுதானே? இங்கேதான் சிக்கல். நோயின் அடையாளம் தெரிவது இலையில். அறுவடை முடிந்து கட்டுக்கட்டாக அடுக்கிவைக்கும்போது குச்சியில் இலை இருக்காது. நல்ல குச்சியும் நோய்க் குச்சியும் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும். பக்கத்து ஊரில் நம்பி வாங்கி வந்தாலும் அதே கதைதான். மாவுப்பூச்சியும் இதே குச்சிக்கட்டில் ஒட்டிக்கொண்டு ஊர் விட்டு ஊர் போகும்.

இது தர்மபுரிக்கு மட்டுமான பிரச்சினை இல்லை. இதே வைரஸ் 2015-ல் கம்போடியாவில் தென்பட்டது. பிறகு வியட்நாம், தாய்லாந்து என்று பரவியது. அங்கேயும் குச்சி வியாபாரம் இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

மருந்து அடித்தால் போகாதா?

தேமல் நோய்க்கு மருந்தே கிடையாது. வைரஸ் ஏறிய செடியைக் குணப்படுத்த முடியாது. கடையில் வாங்கி அடிக்கும் மருந்து அதிகபட்சம் வெள்ளை ஈயைக் குறைக்கும், அவ்வளவுதான்.

மாவுப்பூச்சி விஷயத்தில் அதிகம் அடிப்பது எதிர்வேலையும் செய்யலாம். உடம்பின் மேல் உள்ள மெழுகுப் பூச்சால் மருந்து எளிதில் உள்ளே போகாது. இந்தப் பூச்சியில் பெண் பூச்சிகள் ஆண் துணை இல்லாமலே பெருகும். மழையில்லாத வறண்ட காலம் இதற்கு ரொம்பப் பிடிக்கும். இதைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சிகளோ மருந்தில் முதலில் செத்துப்போகும்.

பூச்சியைப் பிடிக்க ஒரு குளவி

மாவுப்பூச்சிக்கு நல்ல தீர்வு ஏற்கெனவே கையில் இருக்கிறது. 1970-களில் ஆப்பிரிக்காவில் இதே பூச்சி மரவள்ளியை அழித்தபோது, அதன் பிறப்பிடமான தென் அமெரிக்காவில் தேடி 'அனகைரஸ் லோபெசி' என்ற சின்னக் குளவியைக் கண்டுபிடித்தார்கள். 1981-ல் நைஜீரியாவில் முதலில் விடப்பட்டது. அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள ஆராய்ச்சி மையம் இந்தக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிடப்பட்டது.

குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டை வைக்கும். புழு உள்ளேயிருந்து தின்று, கூட்டை உடைத்துக்கொண்டு குளவியாக வெளியே வரும். மனுஷனைக் கொட்டாது. ஒருவர் வயலில் குளவி விட்டு, பக்கத்து வயல்காரர் கடுமையான மருந்து அடித்தால் பலன் போச்சு. ஊரே சேர்ந்து முடிவெடுத்தால்தான் இது வேலை செய்யும்.

நோய் தாங்கும் ரகம் இல்லையா?

இருக்கிறது. திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம், தேமல் நோயைத் தாங்கும் 'ஸ்ரீ பத்மநாபா' ரகத்தைத் தமிழ்நாட்டுக்காக வெளியிட்டது. பிறகு 'ஸ்ரீ ரக்ஷா' போன்ற ரகங்களும் வந்தன.

ஆனால் நெல் விதைபோல மூட்டையில் வந்து இறங்காது. ஒரு செடியிலிருந்து சுமார் 10 கரணைதான் கிடைக்கும். அடுத்த நடவுக்குப் பல மாதம் காத்திருக்க வேண்டும். இதனால்தான் புதிய ரகம் ஊருக்குள் வர வருஷக்கணக்கில் ஆகிறது. இரண்டு கணு உள்ள சிறு கரணைகளை நாற்றங்காலில் வளர்த்தால் ஒரு செடியிலிருந்து 60 வரை எடுக்கலாம். நோய் தெரியும் நாற்றை அங்கேயே பிடுங்கிவிடவும் முடியும்.

இப்போதே செய்யக்கூடியவை

* செடி மூன்று, நான்கு மாதத்தில் இலையோடு நிற்கும்போதே நோயில்லாத செடிகளைப் பார்த்துத் துணி கட்டியோ பெயின்ட் பூசியோ அடையாளம் வையுங்கள். அடுத்த நடவுக்கு அந்தக் குச்சி மட்டும் போதும்.
* நட்ட புதிதிலேயே தேமல் தெரிந்த செடியைப் பிடுங்கி அழித்துவிடுங்கள். பாவம் பார்த்து விட்டால் பத்துச் செடிக்குப் பரவும்.
* மாவுப்பூச்சி பிடித்த நுனியைக் கிள்ளி வரப்பில் போடாதீர்கள். பையில் சேகரித்து எரித்துவிடுங்கள்.
* குச்சி நேர்த்திக்கும், மருந்து அளவுக்கும், குளவிக்கும் வட்டாரத் தோட்டக்கலைத் துறை அலுவலகம் அல்லது பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

நோய் வந்த செடியின் கிழங்கைச் சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடலாம். இது செடியைத் தாக்கும் வைரஸ், மனிதரைத் தாக்காது. வழக்கம்போல நன்றாக வேகவைத்து, வேகவைத்த தண்ணீரை வடித்துவிட்டால் போதும். கிழங்கை வாங்கவே பயந்து ஒதுங்கினால், அந்த நஷ்டமும் விவசாயி தலையில்தான் விழும்.