போர்ட்டைத் திறந்தாச்சு, காவலுக்கு யார்?

டேலியில் தினமும் கணக்கெழுதும் பலருக்கும் தெரியாத சங்கதி, அதற்குள்ளேயே ஒரு குட்டி வெப் சர்வர் இருக்கிறது என்பது. செட்டிங்ஸில் அதை ஆன் செய்துவிட்டு, அதே கம்ப்யூட்டரின் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்:9000 என்று அடித்தால், 'டேலிபிரைம் சர்வர் இஸ் ரன்னிங்' என்று பதில் வரும். பில் போடும் வேறொரு புரோகிராம் ஒரு வவுச்சரை எக்ஸ்எம்எல்லாக எழுதி அந்த போர்ட்டுக்கு அனுப்பினால் போதும், டேலி பதிந்துகொள்ளும். டேலியில் அந்தக் கம்பெனி திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் டெஸ்க்டாப் புரோகிராமிலும் இப்படியொரு ஏபிஐ வைப்பது இன்று பெரிய வேலையல்ல. பைத்தானுக்கு ஃபிளாஸ்க் இருக்கிறது. டாட்நெட்டில் 2021-ல் மினிமல் ஏபிஐ வந்துவிட்டது. சில வரிகளில் சர்வர் ஓடும். சிக்கல் திரெட்டில் வரும். வெப் கோரிக்கை வேறு திரெட்டில் வந்து இறங்கும். திரையிலுள்ள பட்டனையோ கிரிட்டையோ மெயின் திரெட் மட்டுமே தொடலாம். விண்டோஸ் ஃபார்ம்ஸில் இன்வோக் வழியாக வேலையை அங்கே தள்ளிவிட மறந்தால், டெஸ்டிங்கில் ஒழுங்காக ஓடிய புரோகிராம் கடையில் கூட்ட நேரத்தில் காலை வாரும்.

அதைக்கூடச் சரிசெய்துவிடலாம். '127.0.0.1-ல்தானே இருக்கிறது, வெளியிலிருந்து எவன் வரப்போகிறான்?' என்ற அசட்டைதான் ஆபத்து. யாரும் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. பிரவுசர் உள்ளேதானே உட்கார்ந்திருக்கிறது! நீங்கள் திறக்கும் ஏதோ ஒரு தளம், அதன் வழியாகவே உங்கள் போர்ட்டைத் தட்டும்.

2019 ஜூலையில் ஜூம் மாட்டியது இதில்தான். மேக் கம்ப்யூட்டர்களில் 19421-ம் போர்ட்டில் ஒரு சர்வரை அது ஓடவிட்டிருந்தது. மீட்டிங் லிங்க்கை அழுத்தியதும் 'ஜூமைத் திறக்கட்டுமா?' என்று சஃபாரி கேட்கும். அந்த ஒரு கிளிக்கை மிச்சம் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. விளைவு, எந்தத் தளமும் தன் பக்கத்தில் ஒரு லிங்க்கை ஒளித்துவைத்து, ஆளைக் கேட்காமலே மீட்டிங்கில் சேர்த்துவிட முடிந்தது, கேமராகூட ஆனாகலாம். ஜோனதன் லைட்ஷூ என்ற ஆய்வாளர் இதை அம்பலப்படுத்தினார். ஜூமை நீக்கினாலும் அந்த சர்வர் போகாது. லிங்க் வந்தால் ஜூமை மறுபடி இன்ஸ்டால் செய்துவிடும். கடைசியில் ஆப்பிளே அப்டேட் அனுப்பி அதை அகற்ற வேண்டியிருந்தது. ஒரு கிளிக்குக்காக இத்தனை பாடு!

முறையாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். குறிப்பெடுக்கும் மென்பொருளான ஜோப்ளினுக்கு 41184-ம் போர்ட்டில் ஒரு ஏபிஐ உண்டு. டோக்கன் காட்டாமல் அதனிடம் ஒரு குறிப்பைக்கூட வாங்க முடியாது. டோரண்ட் மென்பொருளான டிரான்ஸ்மிஷன், 2018-ல் ஓர் ஓட்டை வெளிப்பட்ட பிறகு, எந்த ஹோஸ்ட் பெயரில் கோரிக்கை வருகிறது என்றும் பார்க்கத் தொடங்கியது.

டோக்கனை முதல் வெர்ஷனிலேயே வைத்துவிடுங்கள். பிறகு சேர்த்தால், அதற்குள் உங்கள் ஏபிஐயை நம்பி எழுதப்பட்ட புரோகிராம்கள் எல்லாம் ஒரே நாளில் நின்றுபோகும். போன் உங்களுக்குத்தான் வரும்.

(தொடரும்)